ஆற்றுக்கு இப்பால் ஓர் எல்லை

காலை ஐந்து நாற்பதுக்கு மடிக்கணினித் திரையில் நான் முதலில் பார்த்தது, ஆற்றங்கரைக் குடிசையில் என் மனைவியின் பாத்திரம் செத்துக் கிடந்ததை. காட்டில் பத்து நாள் உயிரோடு இருந்தால் வெற்றி என்ற வீடியோ கேம் அது. இரண்டாம் முறையாக அவள் தூக்கத்திலேயே செத்திருந்தாள்.

வரைபடத்தின் ஓரங்களில் விஷக்காற்று வீசும் என்பது எங்களுக்குத் தெரியும். ஓரம் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் தவறினோம். ஸ்ரீரங்கத்தில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே குடியிருப்பவர்களுக்கு ஆறு வந்தால்தான் ஊர் முடியும். அதனால் ஆறு வரை பத்திரம் என்று நம்பிக் கரையிலேயே குடிசை போட்டிருந்தோம்.

"இந்த கேம் செஞ்சவன் நம்ம ஊர்ப் பக்கமே வந்ததில்லீங்க," என்றாள் மனைவி.

"விட்டுடலாமா?"

"நீங்க வேணா போய்ப் படுங்க. நான் அளந்துட்டுதான் எந்திரிப்பேன்."

மூன்றாம் ஆட்டத்தில் வரைபடத்தின் நடுவிலிருந்து ஆற்றை நோக்கி நேராக நடந்தாள். நான் கடிகாரம் பார்த்து, நிமிடத்துக்கு ஒரு முறை அவளுடைய உயிர் அளவைக் குறித்தேன். பதினோரு நிமிடம் வரை நூறு. பன்னிரண்டில் தொண்ணூற்றெட்டு. ஆறு இன்னும் கண்ணில் படவேயில்லை. நாலடி பின்வாங்கி ஒரு கம்பை நட்டாள்.

இழந்த உயிர் அந்த கேமில் திரும்ப ஏறாது. தெரிந்தும் மற்ற மூன்று திசைகளிலும் நடந்து கம்பு நட்டாள், ஒவ்வொன்றிலும் இரண்டு புள்ளி போனது. எல்லாப் பக்கமும் பன்னிரண்டாம் நிமிடம்தான்.

கம்புகளுக்கு உள்ளே குடிசை போட்டாள். தண்ணீருக்கு மட்டும் ஆற்றுக்கு ஓடித் திரும்பினாள், ஒவ்வொரு முறையும் உயிர் கொஞ்சம் குறைந்தது.

பத்தாம் நாள் முடிந்தபோது உயிர் அளவு பதினேழு.