அண்ணன் போட்ட பாஸ்வேர்டு

வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். சட்டம் படித்தவள் இல்லை, யார் எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்பாள், அதற்குக் கிடைத்த பட்டம். சாமான்களைப் பெட்டியில் அடைக்கும் ஷெட் ஒன்றில் கொஞ்ச காலம் வேலை பார்த்தாள். அங்கேயும் ஏன் என்று கேட்டு வெளியே வந்தாள். பிறகு பக்க வடிவமைப்பு கற்றுக்கொண்டு, கூடத்து மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டரைப் போட்டு, அச்சகங்களுக்கு வேலை செய்து கொடுத்து வந்தாள். அண்ணன் இன்னும் அதே ஷெட்டில் சூப்பர்வைசர். அண்ணி அங்கேயே பெட்டி ஒட்டுகிறவள்.

சமீபத்தில் ஷெட்டிலிருந்த ஸ்டூல்களை நிர்வாகம் எடுத்துவிட்டது. நின்றுகொண்டு செய்தால் கை வேகமாக ஓடுமாம். ஸ்டூல்களை எடுத்துப் பூட்டி வைத்தது அண்ணன். சாயங்காலம் வீங்கின காலோடு வீடு திரும்புவது அண்ணி. ஸ்டூலைத் திரும்பக் கேட்டுத் தொழிலாளர் சங்கம் எழுதிய துண்டறிக்கை வக்கீலிடம் வடிவமைக்க வந்திருந்தது. மறுநாள் முதலாளி ஷெட்டுக்கு வருகிறார். மாலைக்குள் அச்சகத்துக்கு அனுப்பாவிட்டால் அவர் கையில் கொடுக்க எதுவும் இருக்காது.

அன்று ஷெட்டுக்கு வார விடுமுறை. மதியம் கம்ப்யூட்டரைப் போட்டாள். விண்டோஸ் வரவில்லை. கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கட்டம் பாஸ்வேர்டு கேட்டது.

விண்டோஸ் விழிப்பதற்கு முன்னால் விழிக்கிற ஒன்று கம்ப்யூட்டருக்குள் உண்டு. பயாஸ் என்பார்கள். போர்டில் ஒரு சின்னச் சில்லுக்குள் இருக்கும் நிரல். கரண்ட் வந்ததும் மெமரி இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா என்று பார்த்து, எந்த டிஸ்க்கைக் கூப்பிடுவது என்று முடிவு செய்வது அதுதான். அது விடவில்லையென்றால் உள்ளே யாரும் போக முடியாது.

அண்ணன் பேப்பருக்குப் பின்னால் இருந்தான்.

"என்ன பண்ணி வச்சிருக்க?"

"பாஸ்வேர்டு போட்டேன். பசங்க எப்பப் பாரு கேம் ஆடுதுங்க."

"பசங்க லீவுக்கு மாமா வீட்டுக்குப் போய் ஒரு வாரமாச்சு."

பேப்பர் கீழே இறங்கியது. "நான் அங்க வேலை பாக்கணுமா வேணாமா? என் வீட்லேருந்தே, என் தங்கச்சி கையாலயே நோட்டீஸ் போகுதுன்னா முதலாளி என்னை வச்சிருப்பானா?"

"உன் பேரையா போட்டேன்? உக்கார ஒரு ஸ்டூல் கேட்டிருக்கு. அவ்வளவுதான்."

"வக்கீலம்மா, நாளைக்கு மறுநாள் எடுத்து விடறேன். அப்ப வாதாடு."

அவள் கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டாள். பிளக்கைப் பிடுங்கினாள். திருப்புளி கிடைக்காததால் அடுப்படிக்குப் போய்க் கத்தி கேட்டாள்.

"முனை உடைஞ்சா நீதான் புதுசு வாங்கணும்," என்று அண்ணி நீட்டினாள். எதற்கு என்று கேட்கவில்லை.

கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். பயாஸில் நாம் மாற்றி வைப்பதையெல்லாம் அந்தப் பழைய போர்டு மறக்காமலிருப்பது காசளவு பேட்டரி ஒன்றின் தயவால். அதை நெம்பி எடுத்து, கொஞ்ச நேரம் விட்டு, திரும்பப் போட்டாள். பாஸ்வேர்டு போயே போய்விட்டது. விண்டோஸின் சின்னம் தலைகாட்டியது. உடனே திரை நீலமாகிச் செத்தது.

"உடைச்சுட்டியா?" அண்ணன் குரலில் கவலையைவிட நிம்மதி அதிகம்.

பேட்டரியை எடுத்தால் பாஸ்வேர்டு மட்டுமா மறக்கும்? எல்லாமே மறக்கும். புது டிஸ்க் போட்டபோது எதையோ மாற்றியிருந்தாள். எதை என்று இப்போது நினைவில்லை. கோபத்தில் பேட்டரியைப் பிடுங்கியதைத் துணிச்சல் என்று சொல்வதற்கில்லை. துணிச்சல் தேவைப்பட்டது இதற்குப் பிறகுதான்: சிரிப்பதற்குக் காத்திருக்கும் ஒருவன் முன்னால், தன் தவறோடு உட்கார்ந்து யோசிப்பதற்கு.

மீண்டும் போட்டு, டிலீட் விசையைத் தட்டித் தட்டி பயாஸுக்குள் போனாள். டிஸ்க்கின் பெயர் பட்டியலில் இருந்தது. அப்படியென்றால் டிஸ்க் சாகவில்லை. அதோடு பேசும் முறைதான் மாறியிருக்கிறது. டிஸ்க் இணைப்பைச் சொல்லும் சாட்டா என்ற பக்கத்தில் பழைய முறையான ஐடிஇ என்றிருந்தது. புது முறையான ஏஎச்சிஐ என்று மாற்றிச் சேமித்தாள். விண்டோஸ் வந்தது.

அறிக்கையை முடித்து அனுப்பப் போனால் மெயில் திறக்கமாட்டேன் என்றது. தேதியும் மறந்து, கம்ப்யூட்டர் தான் பிறந்த வருஷத்துக்கே போயிருந்தது. தேதி ஒத்துப்போகாத கம்ப்யூட்டரை மெயில் நம்பாது. அதையும் திருத்தினாள். அறிக்கை போய்ச் சேர்ந்தது.

"இன்னிக்கு ராத்திரியே திரும்பப் பூட்டுவேன்," என்றான் அண்ணன்.

"முடியாது. நான் இப்பவே பூட்டறேன்." திரும்பவும் பயாஸுக்குள் போனாள். "உன்னை மாதிரி வாசல்ல இல்ல. கம்ப்யூட்டரை யார் வேணா போடலாம். உள்ள வந்து அமைப்பை மாத்தணும்னாதான் பாஸ்வேர்டு."

"அதான பாத்தேன். சாவி உன் கைக்குப் போகுது."

வக்கீல் கொஞ்சம் யோசித்தாள். அண்ணன் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். எழுந்து நாற்காலியை நகர்த்தினாள். "அண்ணி, இங்க வாங்க. நீங்க போடுங்க. நான் திரும்பிக்கறேன்."

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். புருஷன் எட்டிப் பார்க்க முடியாதபடி முதுகால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். உறுதி செய்யக் கேட்ட இடத்தில் இரண்டாம் முறையும் அதையே தட்டினாள்.

"என்னடி போட்ட?" என்றான் அண்ணன்.

"ஸ்டூல் திரும்பி வரட்டும்," என்றாள் அண்ணி, "சொல்றேன்."