கரையில் நின்ற ஜெயந்தி அக்கா

மகளுக்குப் புட்டு ஊட்டிக்கொண்டிருந்தபோது நஸார் காக்காவின் அழைப்பு வந்தது. சுழியோடிகளுக்காக நாங்கள் வாடகைக்குப் பிடிக்கும் இரண்டு படகுகளும் அவருடையவை. "தங்கச்சி, மனசத் திடப்படுத்திக்கங்க" என்றார். சுழியோடிகளுக்கு வழிகாட்டும் என் கணவர் சுதன் அன்று பாசிக்குடாவில், தண்ணீருக்கடியில்.

"சுதனா?"

"இல்ல, இல்ல. ஜெயந்தி. இண்டைக்குக் காலத்தால வீட்ட விழுந்திரிக்கா. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிட்டு."

அந்த ஒரு கணம் எனக்கு வந்தது நிம்மதி. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. அக்காவை அறிந்த உங்களிடம் இதை மறைக்க ஒன்றுமில்லை. அவரே கேட்டிருந்தால், "எனக்குத் தெரியாதா புள்ள உன்ன" என்று சிரித்திருப்பார்.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் அவர் எனக்கு மூன்று வருடம் முந்தியவர். படித்தது பொருளியல், செய்தது சுழியோடிகளுக்குப் பயணம் ஒழுங்குசெய்யும் வேலை. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது என்னையும் அதில் சேர்த்துக்கொண்டார். பெரிய ஹோட்டல்களுக்கு வசதியில்லாதவர்கள்தான் எங்களிடம் வருவார்கள். "நட்சத்திர ஹோட்டல்ல படுத்தவனும் கடலுக்குள்ள இதே சிலிண்டர் காத்தத்தான் இழுக்கிறான்" என்பார். ஆனால் மலிவான அறையென்று ஏனோதானோ என்று பிடிக்கமாட்டார். கட்டிலில் படுத்து மின்விசிறியைப் பார்ப்பார். குளியலறைக் குழாயைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். தேற்றாத்தீவில் ஒரு விடுதிக்காரரை வாசலில் வைத்தே பிடித்தார்: "நாள் முழுக்க உப்புக்குள்ள கிடந்திட்டு வாற ஆக்களுக்குக் குளிக்கவும் உப்புத் தண்ணியா அண்ண? நீங்க வாடகை எடுக்கிறீங்களா, கருவாடு போடுறீங்களா?" அவர் அடுத்த வாரமே நல்ல தண்ணீர்த் தாங்கி வைத்தார்.

அப்படிப்பட்டவரும் ஒருமுறை பிழை விட்டார். கொழும்பிலிருந்து வந்த ஒரு குழுவுக்கு ஓர் இரவு வாடகையை மிச்சப்படுத்திக் கொடுக்க எண்ணி, கடலில் இறங்கிய அன்று மாலையே அவர்களை நுவரெலியாவுக்கு வான் வண்டியில் ஏற்றிவிட்டார். அங்கே தெரிந்த ஒருவரின் அறை சும்மா கிடந்தது. வான் போன பிறகுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. ஆழத்துக்குப் போனவர் அன்றே விமானத்தில் ஏறக்கூடாது, உடம்பில் கரைந்த காற்று குமிழியாகி ஆளை முடக்கிவிடும் என்று சுதன் வீட்டில் சொல்லியிருக்கிறார்.

"அக்கா, அவ்வளவு உயரம் மலை ஏறினா, அதுவும் பிளேன் மாதிரித்தானே?"

அவர் முகம் வெளுத்தது. அடுத்த நொடி தொலைபேசியில் சாரதியுடன் கதைத்துக்கொண்டிருந்தார். வான் கரடியனாற்றைத் தாண்டியிருந்தது. "திருப்பு தம்பி. ஏன் எதுக்கெண்டு கேக்காத, திருப்பு." எல்லோரையும் தன் வீட்டு அறையிலும் விறாந்தையிலும் படுக்கவைத்தார். பிழை தன்னுடையது என்று அவர்கள் முன்னாலேயே சொன்னார். பிறகு என்னைக் குசினிக்குள் இழுத்துப் போய், "இனி இந்தப் பயந்தாங்கொள்ளி பாக்காம நம்மட ஒரு பிளானும் போகாது" என்றார்.

ஆனால் கரையில் நிற்கும் வேலையை மட்டும் எனக்குத் தரவில்லை. எங்கள் படகுகள் வாவியிலிருந்து ஆற்றுவாய் வழியாகத்தான் கடலுக்குப் போகவேண்டும். மணல்திட்டு இடம் மாறும், அலை உடையும். போவதா இல்லையா என்பதைப் படகோட்டியும் சொல்லக்கூடாது, காசு கட்டியவரும் சொல்லக்கூடாது. கரையில் நிற்பவர்தான் சொல்லவேண்டும் என்பது அவர் வைத்த முறை. "நான் நிக்கட்டா?" என்று ஒருநாள் கேட்டேன். "உன்ட புருசன் படகில. நீ ஒருநாளும் போகவிடமாட்டாய் புள்ள" என்றார்.

அக்காவின் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து முதல் குழு வந்தது. கரையில் நிற்க வேறு யாரும் இல்லை. ஆற்றுவாயில் வெள்ளையாக நுரை தெரிந்தது. "போகலாம் தங்கச்சி, இது ஒண்டுமில்ல" என்றார் நஸார் காக்கா. சுதன் சிலிண்டர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் வேண்டாம் என்றேன். லீவு எடுத்து வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பத்து மணிக்குக் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. ஒருவர் என் காதுபட, "இவங்க வீட்டில இருந்திருக்கலாம்" என்றார். அக்கா சொன்னது சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன்.

மறுநாளும் நின்றேன். நுரை முந்திய நாளைவிடக் குறைவு, ஆனால் இருந்தது. தொண்டைக்குள் 'வேண்டாம்' தயாராக இருந்தது. அக்கா இருந்தால் எதைப் பார்ப்பார் என்று யோசித்தேன். அவர் சுதனைப் பார்க்கமாட்டார். எந்தக் குடும்பத்தின் ஆள் படகில் இருந்தாலும் அவர் பார்த்தது அலையை மட்டும்தான். நானும் அலையை மட்டும் பார்த்தேன். மூன்று அலை உடைந்தது. பிறகு நீண்ட நேரம் தண்ணீர் தட்டையாக இருந்தது. மறுபடி மூன்று, மறுபடி படகுகள் தாண்டப் போதுமான இடைவெளி.

"போங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறையும் சொல்லவேண்டியிருந்தது.

படகுகள் திரும்பும்வரை மணலில் இருந்து எழும்பவில்லை. எல்லோரும் வந்தார்கள். பயம் குறையவில்லை, குறையும் என்றும் நான் நம்பவில்லை. 'வேண்டாம்' என்று சொல்ல எனக்கு யாரும் தேவையில்லை, என் பயமே போதும். ஜெயந்தி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது 'போங்க' என்ற அந்த மற்றச் சொல்லைத்தான்.