மாமாவை விழவைத்த வாய்ப்பாடு

அம்மாவின் தம்பியான என் மாமாவுக்குக் கணக்கென்றால் கொண்டாட்டம். எனக்கு அது வயிற்றுவலி. ஒரு கணினி விளையாட்டு போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் நம்பினார். இருந்த வேலையை விட்டுவிட்டு, கிள்ளானில் எங்கள் வீட்டு ஹாலில் மடிக்கணினியோடு உட்கார்ந்தார். கொஞ்ச நாளில் திரைக்குள்ளேயே வந்துவிட்டார். அதே மீசை, அதே கட்டம்போட்ட கைலி.

ஒரு பெரிய லொங்காங், அதாவது சாக்கடை. குறுக்கே ஒரு பலகை. பலகைமேல் மாமா. வாய்ப்பாட்டிலிருந்து ஒரு கேள்வி வரும், கீழே மூன்று விடைகள். சரியானதைத் தொட்டால் மாமா ஓரடி நடப்பார், ஒரு நட்சத்திரம் மின்னும். 'மிக நன்று' என்று ஒரு குரல் செய்தி வாசிப்பதுபோல் சொல்லும். தவறானதைத் தொட்டால் பலகை கவிழ்ந்து, "ஐயோ அம்மா!" என்று மாமாவின் சொந்தக் குரல் அலறும். எதிரொலிக்காகக் குளியலறையில் நின்று கத்திப் பதிவு செய்தது அது. அன்று அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு ஆன்டி பதறியடித்து ஓடிவந்தார். விழுந்து எழும்போது மாமாவின் தலையில் ஒருமுறை மீன் இருக்கும், இன்னொருமுறை யாருடையதோ பழைய செருப்பு.

இதற்குமேல் நட்சத்திரமும் 'மிக நன்று'வும் யாருக்கு வேண்டும்? சாயங்காலம் முழுக்க மாமாவைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். என் சிரிப்பைக் கேட்டு, விளையாட்டு பிரமாதமாக வந்துவிட்டது என்று அவர் பூரித்துப்போனார்.

"வேலைய விட்டுட்டு லொங்காங்ல விழுறான் பாரு" என்றார் அம்மா.

பிரிக்பீல்ட்ஸில் டியூஷன் நடத்திய ஒரு டீச்சர், பிள்ளைகளுக்குப் பிடித்தால் விளையாட்டை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். அவர் வேண்டாமென்றால் மாமா ஒழுங்காக வேலைக்குப் போகவேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. ஒரு சனிக்கிழமை மாமா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு ரயிலேறினார்.

டியூஷன் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஒரு பையன் தெரியாமல் தவறாகத் தொட்டான், மாமா விழுந்தார், வகுப்பே உருண்டு சிரித்தது. அதன்பிறகு எல்லாரும் தெரிந்தே தவறாகத் தொட்டார்கள். என் முறை வந்தபோது நானும் ஒருமுறை தள்ளிவிட்டேன். மாமா பெருமையோடு டீச்சரைப் பார்த்தார்.

"தம்பி, பிள்ளைங்க நல்லா சிரிக்குதுங்க. ஆனா ஒருத்தர்கூட சரியா சொல்லலியே லா?"

மாமாவின் முகம் சுண்டிப்போனது. டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. ஏழெட்டு?"

"அம்பத்தாறு."

"தெரியுதுல்ல? அப்புறம் ஏன் அம்பத்தி நாலத் தொட்ட?"

"அம்பத்தாறத் தொட்டா மாமா விழமாட்டாரே டீச்சர்!"

உண்மைதான். தப்பித்தவறிச் சரியான விடையைத் தொட்டுவிடக்கூடாதே என்று, எது சரி என்பதை முதலில் கண்டுபிடித்துக்கொள்வேன். அப்படித்தான் வாய்ப்பாடு முழுவதும் எனக்கு மனப்பாடமாகியிருந்தது. டீச்சர் வாய்விட்டுச் சிரித்து, அடுத்த வாரம் சரிபண்ணிக் கொண்டுவரச் சொன்னார்.

திரும்பி வரும் ரயிலில் மாமா மடிக்கணினியைத் திறந்துவைத்துக் குனிந்திருந்தார். இனி அம்மா சொன்னபடி வேலைக்குப் போகவேண்டியதுதான் என்று எனக்குப் பாவமாக இருந்தது. திடீரென்று நிமிர்ந்தார்.

"பாப்பா, நீ சரியா சொன்னா நான் விழுறேன். தப்பா சொன்னா சும்மா நிக்கிறேன். எப்படி?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "வேணாம் மாமா! நான் சரியா சொன்னதுக்கு நீங்க ஏன் விழணும்?"

பெட்டியிலிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி மாமா சிரித்தார். அடுத்த வாரம், அப்படியே மாற்றிய விளையாட்டை டீச்சர் வாங்கிக்கொண்டார். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு சரியான விடையைத் தேடினார்கள். நான் மட்டும் மாமாமேல் இரக்கப்பட்டு அதைத் தொடாமலிருந்தேன். தான் விழுந்தால்தான் பிள்ளைகள் படிப்பார்கள் என்றால் விழுந்துவிட்டுப் போகலாம் என்று ஒரு மனிதரால் அவ்வளவு சந்தோஷமாக முடிவெடுக்க முடியும் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.