மாஸ்டர் வேலையை விடவில்லை

பள்ளிச் சீருடை தைக்கும் அந்தத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அந்த அம்மாள் மாஸ்டர்தான். நூறு மடிப்புத் துணியை அடுக்கி வெட்டும் மெஷினை ஓட்டினாரென்றால், மேல்மடிப்புக்கும் அடிமடிப்புக்கும் நூலிழை வித்தியாசம் இருக்காது. ஆண்கள் மட்டுமே நின்ற வெட்டும் பிரிவில் சண்டை போட்டு இடம்பிடித்தவர். முப்பத்தொரு வருடமாக அதே மேஜை.

ஐம்பத்தெட்டாம் வயதில் மாடிப்படியில் மார்பு அடைத்தது. இதயக் குழாய்கள் மூன்றில் அடைப்பு. பைபாஸ் நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் நாளே எழுந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரிப் போர்வையைக் கோணலாக வெட்டியிருப்பதாகக் குறை சொன்னார்.

மூன்றாம் நாள் காலையில் நெஞ்சுக்குள் என்னவோ தாறுமாறாகப் படபடத்தது. தலை சுற்றியது. பக்கத்திலிருந்த கருவி அலறியது. நிமிடத்துக்கு நூற்றைம்பது துடிப்பு, அதிலும் ஒழுங்கே இல்லை.

"பயப்படாதீங்கம்மா. பைபாஸுக்கு அப்புறம் நிறைய பேருக்கு இது வரும்," என்றார் டாக்டர். "மருந்து ஏத்துறோம். ரத்தம் கட்டிக்காம இருக்கவும் மாத்திரை போட்டுக்கணும்."

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. அம்மா தூங்குகிறாள் என்று நினைத்து, மகன் ஜன்னலோரம் நின்று தொழிற்சாலை மேனேஜரிடம் போனில் பேசினான்.

"இல்ல சார், அம்மா இனிமே வரமாட்டாங்க. வேற ஆளைப் போட்டுக்குங்க."

"டேய், போனைக் கொடு இங்க."

மகன் போனைக் கையால் பொத்தினான். "டென்ஷன் ஆகாதம்மா…"

"நெஞ்சைத்தான் பிளந்தாங்க, வாயைத் தைக்கல. கொடு." போனை வாங்கி, மூச்சு வாங்க வாங்கப் பேசினார். "மூணு மாசத்துக்கு யாரையாவது நிக்க வைங்க. நாலாவது மாசம் அது என் மேஜை."

நர்ஸ் ஓடிவந்து போனைப் பிடுங்கினார். "துடிப்பு ஏறுது, பாருங்க!"

"இறக்கத்தானே மருந்து போட்டிருக்கீங்க?"

மருந்துக்கு அது மசியவில்லை. மறுநாள் மயக்கம் கொடுத்து, மார்பில் மின் அதிர்ச்சி வைத்த பிறகுதான் துடிப்பு வழிக்கு வந்தது.

நாலாவது மாதம் முதல் நாளே தொழிற்சாலைக்குப் போய் நின்றார். இடையில் ஒரு தடவை துடிப்பு மறுபடி தடுமாறியிருந்ததால், ரத்தம் கட்டாமலிருக்கும் மாத்திரையை நிறுத்தவில்லை. வேலை செய்யலாம், ஆனால் கையில் வெட்டுப் படக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

மேனேஜர் கையைப் பிசைந்தார். "லேசா கீறினாலே ரத்தம் நிக்காதாமே மாஸ்டர். பேசாம பட்டன் பிரிவுல உக்காந்துக்குங்களேன்."

"பட்டன் எண்ணவா இவ்வளவு தூரம் பிழைச்சு வந்தேன்?"

அலமாரியைத் திறந்து, மூலையில் கிடந்த இரும்பு வலைக் கையுறையை எடுத்தார். கை மந்தமாகிவிடும் என்று சொல்லி அவரும் சரி மற்றவர்களும் சரி, அதைத் தொட்டதே கிடையாது. இப்போது எல்லோரும் பார்க்க மாட்டிக்கொண்டு மெஷினை ஓட்டினார். மேனேஜரே மேல்மடிப்பையும் அடிமடிப்பையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். பட்டன் பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை.

அதோடு முடிந்துவிடவில்லை. அடுத்த மழைக்காலத்தில், வேலைக்கு நடுவிலேயே அந்தப் படபடப்பு வந்தது. மெஷினை நிறுத்தினார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தானே மகனைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மருந்தின் அளவை மாற்றினார்கள்.

"இப்பவாவது விட்டுடேம்மா," என்றான் மகன்.

"எதை, மாத்திரையையா?"

ஐந்தாம் நாள் மேஜைக்குத் திரும்பினார். பக்கத்து மேஜைக்காரர்கள் இருவர் கையுறை மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் துணியை அடுக்கத் தொடங்கினார்.