இரண்டு பக்கமும் ஒட்டிய கவர்

மன்னார்புரத்தில் இன்று ஒருவர் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். மைதாப் பசை வாடை வந்ததும் நின்றுவிட்டேன். அந்தச் சுவருக்குப் பின்னால்தான் நாங்கள் இருந்த விடுதி. இப்போது கார் ஷோரூம். அங்கே அம்மா சமையல் செய்தாள். மூளை வளர்ச்சி இல்லாதவர்கள் என்று தெருவே சொன்ன ஒன்பது பேரும் நாங்களும் ஒரே கூடத்தில் சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டு, மருந்துக் கடைக்குப் பேப்பர் கவர் ஒட்டினோம். அந்த ஒன்பது பேரில் மணி அண்ணன் மட்டும் உள்ளே ஒரு முறுக்குத் துண்டைப் போட்டு இரண்டு பக்கமும் ஒட்டிவிடுவார்.

"கடைக்காரர் திட்டுவாருண்ணே."

"அவருக்கு யாரு குடுத்தா? இது உனக்குடி, லூசு."

இடத்தை விற்றதும் ஒவ்வொருவரையும் சொந்தக்காரர்கள் பிரித்துக் கூட்டிப்போனார்கள். போகிறீர்களா என்று அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. மணி அண்ணனை அழைத்துப்போக முசிறியிலிருந்து வந்த தம்பி, "இவனுக்கு என்னங்க தெரியும், ரெண்டு நாள்ல மறந்துருவான்" என்று அம்மாவிடம் சொன்னார்.

வேனில் ஏறும் முன் அண்ணன் எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு கவர் கொடுத்தார். தம்பியும் சிரித்துக்கொண்டே கை நீட்டினார். அவருக்குக் கொடுக்கவில்லை.