பின்னால் மிதித்த பிரேக்

போர் முடிந்ததும் மாமா டென்மார்க் வந்துவிடுவார் என்றே வீட்டில் நம்பினோம். வன்னியிலிருந்து அவர் தொலைபேசியில் அழைப்பாரென்று காத்திருந்த 2009 மே மாதத்தில், நாங்கள் வாழ்ந்த ஹொல்ஸ்டெப்ரோ ஊரின் காட்டு இறக்கத்தில் அண்ணையின் மலைச் சைக்கிளைக் கெஞ்சி வாங்கினேன்.

"வேகம் கூடினால் எழும்பி நிண்டு தூரத்தைப் பார். பிரேக் கையிலதான். இது பின்னால மிதிச்சால் நிக்கிற உன்ர பள்ளிக்கூடச் சைக்கிள் இல்லை," என்றார் அண்ணை.

வேகம் கூடியது. பயத்தில், பள்ளிச் சைக்கிளை நிறுத்துவதுபோல மிதியைப் பின்னால் மிதித்தேன். அது டிக்டிக்கென்று வெறுமனே சுழல, மரத்தில் மோதி விழுந்தேன்.

நொண்டியபடி அண்ணையோடு வீடு சேர நேரமாயிற்று.

"இப்பதான் மாமா கோல் எடுத்தவர். உங்கள் ரெண்டுபேரையும் கேட்டவர்," என்றார் அம்மா.

"திரும்ப எடுப்பாரோ?"

"ஓம், எடுப்பார்."

எடுக்கவில்லை. அந்த மாதமே போர் முடிந்தது; மாமா வரவில்லை.

இன்று என் மகள் சைக்கிளைத் தள்ளிவருகையில் அதே டிக்டிக் கேட்டது. அன்று மாமாவோடு கதைத்த அம்மாவும், கதைக்காமற்போன அண்ணையும் நானும் எஞ்சியிருக்கிறோம்.