வெயில் நாள் லீவு

கண்ணுச்சாமியின் மகள்கள் இருவரும் வெகுகாலம் ஒன்றை உறுதியாக நம்பிக்கொண்டிருந்தார்கள்: ஊரைவிட்டு எங்கேயாவது போவதென்றால் அன்றைக்கு மழை பெய்ய வேண்டும். விஸ்வநத்தத்தில் மற்ற வீடுகளில் தூறல் விழுந்தால் பிள்ளைகளை உள்ளே கூப்பிடுவார்கள். இந்த வீட்டில் வானம் கறுத்தால் அவர்கள் அம்மா ராமுத்தாய் தூக்குச்சட்டியைக் கழுவ ஆரம்பிப்பாள்.

கண்ணுச்சாமிக்குப் பட்டாசு ஆபீசில் திரி காயப்போடுகிற வேலை. மருந்து தோய்த்த நூலைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, களத்தில் வரிசையாகப் பரப்பி, வெயில் நகர நகரத் திருப்பி வைக்க வேண்டும். அந்தப் பக்கத்து வானம் வருஷத்தில் முக்கால்வாசி நாள் காய்ந்துதான் கிடக்கும். காய்ந்த நாளெல்லாம் வேலை. மழை பெய்தால் மட்டும் ஆபீசை அடைத்துவிடுவார்கள். அன்றைக்குக் கூலியும் கிடையாது. ஆகவே குடும்பத்தோடு போகிற இடம் காசு கேட்காத இடமாக இருந்தாக வேண்டும்.

அப்படி அவர்களுக்கு வாய்த்தது திருத்தங்கல் மலை. சிவகாசியிலிருந்து ரயிலில் அடுத்த ஸ்டேஷன். நயா பைசா வந்த புதிதில் அதைவிடக் குறைந்த டிக்கெட் சிவகாசி ஸ்டேஷனில் கிடையாது. ஜன்னலோரம் யாருக்கு என்ற சண்டை தீர்வதற்குள் இறங்கிவிட வேண்டும். சின்னவள் லட்சுமி ஒவ்வொரு தடவையும் இறங்கமாட்டேன் என்று அழுவாள். சாக்கை மடித்துக் கொங்காணியாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நான்கு பேரும் படியேறுவார்கள். பெருமாளைக் கும்பிட்டு, ஈரமில்லாத ஒரு மூலை தேடி உட்கார்ந்து, ஆறிப்போன புளிச்சோற்றைத் தின்றுவிட்டு, திரும்புகிறபோது நடந்தே வருவார்கள். சளி பிடிக்கும். பிடித்தால் என்ன, போய்வந்தாயிற்று.

மலைமேல் நின்றால் மேற்கே பெரிய மலைத்தொடர் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் தெரியும் என்று பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய் ஒருநாள் சொன்னாள். அவள் புருஷனுக்கு வீடுவீடாக எண்ணெய் விற்கிற தொழில். நினைத்த நாளில் போவான், வருவான். ஊரிலிருந்து பார்த்தால் பனைகளுக்கு இடையில் ஒரு துண்டு நீலம் தெரியும், அவ்வளவுதான்.

"பதினாலு தடவை ஏறிருக்கேன். வெளுக்கப் போட்ட வேட்டி கணக்கா மேகந்தேன் தொங்குது. அம்புட்டு பெரிய மலையை எங்கன கொண்டுபோயி ஒளிச்சு வச்சாகளோ!" என்று சிரித்தாள் ராமுத்தாய். அப்புறம் கண்ணுச்சாமியைப் பார்த்து, "ஏங்க, ஒரே ஒரு நா வெயில்ல கூட்டிட்டுப் போறீகளா?" என்றாள்.

"பாப்போம்" என்றான்.

இரண்டு வருஷம் பார்த்தார்கள். அவளும் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தவள். முதலில் இருமல் வந்தது. பிறகு ராத்திரிக் காய்ச்சல். சிவகாசியில் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, வேலைக்கு அனுப்ப வேண்டாம், முட்டையும் பாலும் கொடு என்றார். எவ்வளவு நாளைக்கு என்று கண்ணுச்சாமி கேட்டதற்கு அவர் சீட்டு எழுதுவதில் மும்முரமாகிவிட்டார்.

அந்த ஆனி மாதம் அவன் போர்மேன் பெத்தணனிடம் போய் நின்றான்.

"ஒரு நாளைக்கு லீவு வேணும்ண்ணே."

"மழை வரட்டும், எடுத்துக்க."

"மழையில வேண்டாம். வெயிலடிக்கிற நாள்ல வேணும்."

பெத்தணன் காதிலிருந்த பென்சிலை எடுத்து அவனையே பார்த்தான். "ஏலே, வெயில்ல லீவு கேட்ட மொத ஆளு நீதாம்லே. தீவாளி ஆர்டர் கழுத்து வரைக்கும் கெடக்கு. மழைக்கு எம்புட்டு நாள் வேணும்னாலும் எடு, நான் ஏன்னு கேக்கேனா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கண்ணுச்சாமியும் சிரித்துவைத்தான்.

ஆடியில் மறுபடி கேட்டான். மறுபடி அதே சிரிப்பு. ஆவணியில் அவன் யாரையும் கேட்கவில்லை. காலையில் வெயில் சுவரில் ஏறியதும், "கெளம்புங்க" என்றான். பெரியவள் முத்துமாரி வானத்தை அண்ணாந்து பார்த்தாள். "மளையே இல்லையேய்யா?"

"அதுக்குத்தான்" என்றான்.

ராமுத்தாய் பெட்டியிலிருந்து மாம்பழக் கலர்ச் சேலையை எடுத்துக் கட்டினாள். ஸ்டேஷன் வரை வெள்ளைத்தாய் புருஷன் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் விட்டான். லட்சுமி அன்றைக்கும் ரயிலை விட்டு இறங்கமாட்டேன் என்று அழுதாள்.

அடிவாரத்தில் முதல் இருபது படிகளை ராமுத்தாய் ஏறினாள். இருபத்தோராவது படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இருமி முடித்து, முந்தானையால் வாயைத் துடைத்து, அதைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். கண்ணுச்சாமி தூக்கிக்கொண்டு போகிறேன் என்றான்.

"அய்ய! ஊரு சிரிக்கவா? நீக புள்ளைகளைக் கூட்டிட்டுப் போங்க. நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. அது போதும்."

பக்கத்திலிருந்த கல்மண்டபத்து நிழலில் அவளை உட்காரவைத்துவிட்டு ஏறினான். உச்சியில் வெயிலுக்குக் கண் கூசியது. காற்று வேட்டியை அடித்தது. அவன் பார்வை தானாகத் தெற்கே போயிற்று. சிவகாசியைத் தாண்டித் தகரக் கூரைகள் மின்னின. அதோ அந்த வெள்ளை, நம் களமாக இருக்குமோ? இந்நேரம் முதல் வரிசையைத் திருப்பியிருக்க வேண்டும். தன் இடத்தில் யாரை நிறுத்தியிருப்பார்கள்? மொக்கைச்சாமியை நிறுத்தியிருந்தால் அவன் நுனியைத் திருப்பமாட்டான், பாதி ஈரத்தோடே அள்ளிவிடுவான். நாளைக்கு உள்ளே விடுவார்களா? இப்படி ஒரு வெயில் இந்த மாதத்தில் வரவே இல்லை. பிள்ளைகள் பாறையில் ஓடியாடுகிற சத்தம் எங்கோ கேட்டது. பசிக்கிறது என்று லட்சுமி கையைப் பிடித்து இழுத்ததும் இறங்கினான்.

ராமுத்தாய் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்படி இருந்துச்சு?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, மேற்கே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று. வாயில் வந்ததைச் சொன்னான்: "சுத்தமா இருக்கு. பொட்டு மேகம் இல்ல. நல்ல காய்ச்சல்."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்க நேரமாயிற்று. "நான் மலையைக் கேட்டேன். நீக திரி காயிறதைச் சொல்றீக."

"இரு, இன்னொரு தரம் போயிப் பாத்துட்டு வாரேன்." எழுந்துவிட்டான். அவள் அவன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம். கால் வலிக்கும் ஒங்களுக்கு. இங்கன உக்காருங்க."

உட்கார்ந்தான். முத்துமாரிதான் சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டே சொன்னாள், மலை நீலமாக இருந்தது, நடுவில் ஒரு இடத்தில் ஒட்டகம் படுத்த மாதிரி இருந்தது என்று. ராமுத்தாய் கேட்டுக்கொண்டே தூணில் சாய்ந்து தூங்கிப்போனாள். வெயில் மண்டபத்துக்குள் நுழைந்து அவள் காலைத் தொட்டபோது கண்ணுச்சாமி துண்டை விரித்துப் பிடித்தான். நகர நகரத் துண்டையும் நகர்த்தினான். சாயங்கால ரயில் வரும்வரை அதுதான் அவனுக்கு வேலை.

மறுநாள் பெத்தணன் வாய்க்கு வந்தபடி ஏசினான். ஆனாலும் களத்துக்கு ஆள் வேண்டியிருந்தது.

கார்த்திகை அடைமழையில் ராமுத்தாய் இறந்துபோனாள். ஆபீஸ் நான்கு நாளாக அடைத்துக் கிடந்தது. அவன் யாரிடமும் லீவு கேட்க வேண்டியிருக்கவில்லை.

தை பிறந்து வேலை முழுசாகத் தொடங்கிய ஒரு காலையில் அவன் களத்தில் சட்டங்களைப் பரப்பிக்கொண்டிருந்தான். கூரைக்கடியில் நின்று பெத்தணன் கேட்டான், "ஏலே கண்ணுச்சாமி, மேக்க பாரு. மேகம் எதுவும் கட்டுதா?"

வருஷக்கணக்காக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவன் பார்க்கிற திசை. நிமிர்ந்து பார்த்தான். பனைகளுக்கு அப்பால் ஒரு துண்டு நீலம். அதில் ஒட்டகத்தின் முதுகு மட்டும் தெரிந்தது.

"என்னலே, ஒன்னத்தானே கேக்கேன்?"

"மேகம் இல்லண்ணே" என்றான். "மலைதான் தெரியுது."